‘சீட் இல்லை’ என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு

பொறியியல் கலந்தாய்வில் ஒவ்வொரு சுற்று முடிந்த மறுநாளும் எங்கள் தோழர்களின் போன் ஓயாது. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், திருவள்ளூர் என எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே கேள்விதான் வரும்: “அண்ணா, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கல. இனி என்ன பண்றது?”

2019இல் அப்படிக் கேட்ட ஒரு தங்கையை எங்களால் மறக்க முடியவில்லை. அப்பா சிப்காட்டில் ஒரு இரும்பாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அம்மாவுக்கு நூறு நாள் வேலை. அவள் கேட்ட கல்லூரிகள் எதிலும் சி.எஸ். மிச்சமில்லை. அன்று மாலையே ஒரு தரகர் வீட்டுக்கு வந்துவிட்டார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சி.எஸ். இருக்கிறது, எஸ்.சி. ஸ்காலர்ஷிப் எப்படியும் வந்துவிடும், இப்போதைக்கு முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்றார். வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள். ஸ்காலர்ஷிப் வரவில்லை. ஒரு வருடம் கழித்து, இனிக் கட்ட முடியாது என்று வெளியே வரப் பார்த்தபோது, பாக்கியைக் கட்டினால்தான் அசல் சான்றிதழ்களைத் தருவோம் என்றது கல்லூரி.

“எனக்கு மார்க் பத்தலண்ணா, அதான் இவ்வளவும்” என்று அழுதாள். அவள் நினைத்தது தவறு. ஏன் தவறு என்று சொல்ல நாங்கள் நூற்றிமுப்பது ஆண்டு பின்னால் போக வேண்டியிருந்தது. அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறோம்.

பள்ளிக்கூடத்திலேயே இடம் இல்லாத காலம்

இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997இல்தான் பிறந்தது. அதற்கு முன் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்கள் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். 1891இல் அந்த மாவட்டத்தின் பொறுப்புக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை எழுதினார. நிலம் இல்லை, குடியிருக்கும் மனைகூடப் பல இடங்களில் மிராசுதாருடையது, கூலி உயர்த்திக் கேட்டால் வீட்டை விட்டே துரத்தலாம் என்ற நிலையை அது பதிவு செய்தது. 1892இல் வந்த பஞ்சமி நில அரசாணைக்கு அந்த அறிக்கையே அடிப்படை.

அதே காலத்தில் திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கவுடி, நம் மக்களின் நில உரிமைக்காக அரசோடு வாதாடிக்கொண்டிருந்தார். 1893இல் பஞ்சமர் கல்விக்கெனத் தனி அரசாணை வந்தது. பின்னர் 1920களில் தொழிலாளர் துறை நம் பிள்ளைகளுக்காக நடத்திய ‘லேபர் பள்ளிகள்’தான், இன்று நம்மில் பலர் படித்த ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர்.

ஏன் தனிப்பள்ளி? ஊர்ப் பள்ளியில் இடம் இருந்தது, நமக்கு இல்லை. எந்த மதிப்பெண்ணும் போடப்படுவதற்கு முன்பே நமக்குச் சொல்லப்பட்ட முதல் ‘சீட் இல்லை’ அதுதான். நம் முன்னோர் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பவில்லை. மனு எழுதினார்கள், பத்திரிகை நடத்தினார்கள், வேறு பள்ளி கேட்டு வாங்கினார்கள்.

அண்ணல் கேட்டது அறிவியல் படிப்பு

அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவிலிருந்து லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்குப் போனார். மறு ஆண்டே பரோடா அரசின் உதவித்தொகை முடிந்தது, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். பம்பாயில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து 1920இல் மறுபடியும் போனார். அவருடைய ஆய்வேட்டைத் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பினார்கள். எழுதிக் கொடுத்து 1923இல் பட்டம் வாங்கினார். படிப்பு நின்றுபோவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

அதனால்தான் 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானதும், அதே அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளைப் பற்றி அரசுக்கு நீண்ட மனு ஒன்றைக் கொடுத்தார். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் நம்மைக் கரையேற்றாது, உயர்நிலை அறிவியலும் தொழில்நுட்பமும் வேண்டும், அது செலவு பிடிக்கும் படிப்பு, ஆகவே அரசு உதவித்தொகை தரவேண்டும் என்பது அதில் அவர் வைத்த வாதம். 1944இல் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் தொடங்கியது.

இன்று நீங்கள் விண்ணப்பிக்கும் அந்த ஸ்காலர்ஷிப்புக்கு வயது 80க்கு மேல். அதைப் பிச்சை போல நினைத்துக் கூனிக் குறுகாதீர்கள். தொழில்நுட்பப் படிப்பு நமக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிய உரிமை அது.

1951: கிண்டியில் இடம் கேட்ட ஒருவர்

சென்னை மாகாணத்தில் அப்போது கம்யூனல் ஜி.ஓ. நடைமுறையில் இருந்தது. கல்லூரியில் 14 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்து இரண்டு பிராமணர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒருவர் செண்பகம் துரைராஜன், மருத்துவக் கல்லூரிக்கு. அவர் விண்ணப்பிக்கவே இல்லை என்பதை உச்ச நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது. இன்னொருவர் சி.ஆர். சீனிவாசன், கிண்டி பொறியியல் கல்லூரிக்கு. 1951 ஏப்ரல் 9இல் உச்ச நீதிமன்றம் கம்யூனல் ஜி.ஓ. செல்லாது என்றது.

தமிழ்நாடு கொதித்தது. பெரியார் தலைமையில் போராட்டம் நடந்தது. நாடாளுமன்றம் சில வாரங்களிலேயே முதலாவது சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. ஜூன் மாதம் அரசியலமைப்பில் 15(4) பிரிவு சேர்ந்தது. கல்வி நிறுவனங்களில் இட ஒதுக்கீட்டுக்கு அரசியலமைப்பு தரும் அடிப்படை அதுதான்.

இந்த வழக்கிலிருந்து ஒன்றைக் கவனியுங்கள். தமக்கு இடமில்லை என்றானபோது அவர்கள் “எனக்கு மார்க் பத்தல” என்று வீட்டில் உட்கார்ந்து அழவில்லை. விதியே தப்பு என்று வழக்குப் போட்டார்கள். அவர்கள் கேட்டது நமக்கு எதிரானது. ஆனால் இடம் என்பது விதியால் தீர்மானிக்கப்படுகிறது என்ற உண்மையை அவர்கள் அறிந்திருந்தார்கள். நாம்தான் அதை மறந்துபோகிறோம்.

1984: பணம் இருப்பவருக்கு இன்னொரு வழி

1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர் பணம் கொடுத்துப் படிக்க வழி பிறந்தது. நன்கொடைக் கொள்ளை பெருகி, 1992இல் அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் சட்டமே போடவேண்டி வந்தது. அதே 1984இல் வந்த நுழைவுத்தேர்வு 2006 வரை இருந்தது. கோச்சிங் போக வசதியில்லாத கிராமத்துப் பிள்ளைகள் இருபது ஆண்டுக்கு மேல் அந்த வடிகட்டியில் சிக்கினார்கள். 2007 முதல்தான் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானது.

தனியார் கல்லூரியில் இட ஒதுக்கீடு உண்டா என்ற சண்டை தனியாக நடந்தது. அரசு தன் ஒதுக்கீட்டைத் தனியார் மீது திணிக்க முடியாது என்று 2005 ஆகஸ்டில் இனாம்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே 93ஆவது திருத்தம் வந்து 15(5) பிரிவு சேர்ந்தது. 2006இல் தமிழ்நாடும் தனியார் நிறுவனங்களுக்கான இட ஒதுக்கீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 2009இல் எஸ்.சி. 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது.

இடம் கிடைத்தால் போதுமா? கட்டணம் யார் கட்டுவது? 2012இல் வந்த அரசாணை 92 அதற்குப் பதில் சொன்னது. சுயநிதிக் கல்லூரியில் சேரும் எஸ்.சி., எஸ்.டி., கிறித்தவ ஆதிதிராவிடப் பிள்ளைகளின் கட்டணத்தை, வருமான வரம்புக்கு உட்பட்டு, அரசே ஏற்கும் என்றது. சேரியிலிருந்து கூட்டம் கூட்டமாக எஞ்சினியரிங் போனது அதற்குப் பிறகுதான்.

2018இல் ஒன்றிய அரசு விதிகளை மாற்றியது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேருபவருக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் கிடையாது என்று ஆக்கியது. எங்கள் தங்கை அடுத்த வருடம் சேர்ந்தாள். தரகர் அந்த மாற்றத்தைச் சொல்லவில்லை. அவளைத் தோற்கடித்தது அந்த ஒரு வரிதான், அவளுடைய கணக்கு மார்க் இல்லை.

இப்போது நிலைமை என்ன?

கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களின் எண்ணிக்கையும் இயற்கையாக விளைவதல்ல. ஒரு கல்லூரி இத்தனை இடம்தான் வைக்கலாம் என்றிருந்த உச்சவரம்பை, நன்றாகச் செயல்படும் கல்லூரிகளுக்கு 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ. நீக்கிவிட்டது. ஆகவே சி.எஸ். கிடைப்பது மட்டும் வெற்றியல்ல. ஆசிரியரும் லேபும் இல்லாத சி.எஸ். கடனில் முடியும்.

எனவே தம்பி தங்கைகளே, முதல் சுற்றில் இடம் கிடைக்கவில்லை என்றால் முன்பணம் கட்டும் முன் இவற்றைப் பாருங்கள்.

அரசு ஒதுக்கீட்டுக்குள்ளேயே தேடுங்கள். சிறுபான்மை அல்லாத கல்லூரியில் 65 விழுக்காடு, சிறுபான்மைக் கல்லூரியில் 50 விழுக்காடு இடங்கள் கலந்தாய்வுக்கு வருகின்றன. அடுத்த சுற்று, துணைக் கலந்தாய்வு, நிரம்பாத எஸ்.சி.ஏ. இடங்களை எஸ்.சி.க்கு மாற்றி நடத்தும் கலந்தாய்வு என வாய்ப்புகள் இருக்கின்றன. பலர் முதல் சுற்றோடு மனம் விட்டுவிடுகிறார்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2021இல் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உங்களுக்கு உண்டு. கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் அதில் சேரும். எங்கள் தங்கைக்கு இரண்டு ஆண்டு தாமதமாக வந்த சட்டம் இது.

சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். எஸ்.சி. சான்றிதழ் தாசில்தார் கொடுப்பார். எஸ்.டி. சான்றிதழுக்குக் கோட்டாட்சியரிடம் போகவேண்டும். நம் மாவட்டத்து இருளர் பிள்ளைகள் அந்த ஒரு காகிதம் இல்லாமல் பொதுப் பட்டியலில் தள்ளப்படுகிறார்கள். அவர்களோடு கூடப்போய் நிற்பது நம் வேலை.

பொறியியல்தான் வேண்டும் என்றால் பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கணினிதான் வேண்டும் என்றால் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்து எம்.சி.ஏ. போகலாம். அதற்குக் கணக்குப் பாடம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

அநீதி நடந்தால் எழுதிக் கேளுங்கள். உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்துத் தினக்கூலித் தொழிலாளியின் மகன் அதுல் குமாருக்கு 2024இல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட முடியாமல் அது பறிபோனது. அந்த ஆண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் அவர் வந்தார். கடைசியில் உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 30 அன்று அவருக்கு இடம் கொடுக்கச் சொன்னது. ஐ.ஐ.டி.களில் நமக்கு இட ஒதுக்கீடு வந்ததே 1973இல்தான். கிடைத்ததை ஐந்து மணிக் கெடுவுக்காக விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

தங்கை என்ன ஆனாள்?

அசல் சான்றிதழை எந்தக் கல்லூரியும் பிடித்து வைக்கக் கூடாது. யு.ஜி.சி. விதியும் ஏ.ஐ.சி.டி.இ. விதியும் அதைத்தான் சொல்கின்றன. விதிகளைக் குறிப்பிட்டு மனு எழுதினோம், அவள் அப்பாவோடு மாவட்ட நிர்வாகத்திடம் போனோம். சான்றிதழ் திரும்பி வந்தது. கட்டிய பணம் வரவில்லை. அந்தக் கடனை அடைக்க அவர்களுக்கு மூன்று வருடம் ஆனது. அதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை.

2020இல் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தாள். ஊரடங்கில் முதல் வருடப் பாடத்தை அண்ணனின் போனில் படித்தாள். பிறகு மூன்று வருடப் படிப்பை முடித்து எம்.சி.ஏ.வும் முடித்தாள். இப்போது கலந்தாய்வு நாட்களில் எங்களோடு உட்கார்ந்து போன் எடுப்பவர்களில் அவளும் ஒருத்தி.

“எனக்கு மார்க் பத்தலக்கா” என்று யாராவது ஆரம்பித்தால் அவள் அதைப் பேசவிடுவதில்லை. “அதெல்லாம் அப்புறம். எந்தச் சுற்று, எந்த கோட்டா, எவ்வளவு கேட்டாங்க? முதல்ல அதைச் சொல்லு” என்கிறாள்.

ஜெய் பீம்.