ஐந்து சதக் கட்டணத்தின் விலை

ஐக்கிய அமெரிக்காவின் இலினொய் மாநில சட்டசபை 2025 ஒக்டோபர் இறுதியில் நிறைவேற்றிய போக்குவரத்துச் சட்டமூலம் ஒன்றில் ஆளுநர் ஜே.பி. பிறிட்ஸ்கர் டிசம்பரில் கைச்சாத்திட்டார். சிக்காகோ நகரின் பஸ்களையும் ரயில்களையும் நடத்தும் சி.ரி.ஏ., புறநகர் ரயில்களை நடத்தும் மெற்றா, புறநகர் பஸ்களை நடத்தும் பேஸ் ஆகிய மூன்று நிறுவனங்களையும் முன்னரை விடவும் கூடுதல் அதிகாரம் கொண்ட ஒரு சபையின் கீழ் கொண்டுவருவதும், அவற்றுக்கு ஆண்டொன்றுக்கு சுமார் 150 கோடி டொலர் வருமானத்தைத் தேடிக்கொடுப்பதும் அச்சட்டத்தின் நோக்கங்கள். கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் மத்திய அரசாங்கம் வழங்கிய உதவி தீர்ந்துபோகும் தறுவாயிலேயே மாநில அரசாங்கம் இந்த முடிவுக்கு வந்தது.

பணமுடை வரும்போது நிறுவனங்களை இணைத்துவிடலாம் என்ற யோசனையும் கூடவே வருவது பெருநகரங்களின் வரலாற்றில் புதிய விடயமல்ல. இணைப்பு எப்போது பலன் தரும், எப்போது ஏமாற்றும் என்பதை அறிந்துகொள்வதற்கு நியூயோர்க்கை விடச் சிறந்த உதாரணத்தைக் காண்பது கடினம். அந்த நகரம் 1940 ஆம் ஆண்டிலும் 1968 ஆம் ஆண்டிலுமாக இரு தடவைகள் அந்த வழியில் சென்றது.

நியூயோர்க்கின் முதலாவது சுரங்க ரயில் பாதை 1904 ஒக்டோபர் 27 இல் திறக்கப்பட்டது. நகர நிர்வாகம் கடன்பட்டுப் பாதையை அமைத்தது, ஐ.ஆர்.ரி. என்ற தனியார் கம்பனி அதைக் குத்தகைக்கு எடுத்து ரயில்களை ஓட்டியது. பயணக் கட்டணம் ஐந்து சதம். 1913 ஆம் ஆண்டில் ஐ.ஆர்.ரி.யுடனும் புரூக்ளினில் ரயில்களை நடத்திய பி.ஆர்.ரி. கம்பனியுடனும் நகரம் செய்துகொண்ட 'இரட்டை ஒப்பந்தங்கள்' பாதைகளைப் பெருமளவில் விஸ்தரிக்க வழிசெய்தன. அவற்றில் ஐந்து சதக் கட்டணமும் நிலையானதாக எழுதிவைக்கப்பட்டது. அன்று கம்பனிகளும் அதை விரும்பி ஏற்றுக்கொண்டன. விலைவாசி வீழ்ந்தாலும் தங்களது வருமானம் வீழாது என்பது அவற்றின் கணக்கு.

அந்தக் கணக்கை முதலாம் உலகப்போர் பொய்யாக்கியது. 1914 க்கும் 1920 க்கும் இடையில் அமெரிக்காவில் விலைவாசி ஏறக்குறைய இரட்டிப்பாகியது. சம்பளமும் நிலக்கரியும் உருக்கும் விலையேறின. கட்டணம் மாத்திரம் அசையவில்லை. 1918 நவம்பர் முதலாம் திகதி, வேலைநிறுத்தம் ஒன்றின் மத்தியில், போதிய அனுபவமில்லாத ஒருவரைக் கொண்டு பி.ஆர்.ரி. ஓட்டிய ரயில் புரூக்ளினின் மல்போன் வீதிச் சுரங்கத்தில் தடம்புரண்டதில் 90 க்கும் அதிகமானோர் மாண்டனர். அந்த வருடம் முடிவதற்குள் கம்பனி கடனிறுக்க வகையற்று நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது. பின்னர் அது பி.எம்.ரி. என்ற புதிய பெயரில் மீண்டது.

கட்டணத்தை உயர்த்த அனுமதிக்குமாறு கம்பனிகள் மன்றாடின. ஆனால், ஐந்து சதம் அதற்குள் அரசியலாகிவிட்டது. 1917 இல் மேயராகத் தெரிவான ஜோன் ஹைலன் அந்தக் கட்டணத்தைத் தொழிலாளரின் சொத்தென்று வர்ணித்து 1921 தேர்தலிலும் வெற்றிபெற்றார். வில்லியம் ராண்டோல்ப் ஹேர்ஸ்டின் பத்திரிகைகள் அவருக்குப் பக்கபலமாக நின்றன. கம்பனிகள் மீது மக்களுக்கு இருந்த கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால், வித்தியாசத்தை யார் செலுத்துவது என்று மக்களுக்கு விளக்கும் பொறுப்பை அந்த மேயரோ அவரை ஆதரித்த பத்திரிகைகளோ ஏற்கவில்லை. எமது தொழிலைச் சார்ந்தவர்கள் அதைச் சற்று வெட்கத்துடன்தான் நினைவுகூர வேண்டியிருக்கிறது.

நகரம் தானே நடத்தும் மூன்றாவது சுரங்க ரயில் சேவை 1932 செப்டெம்பரில் ஓடத் தொடங்கியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் ஐ.ஆர்.ரி.யும் கடனிறுக்க முடியாத நிலையை அடைந்திருந்தது. இறுதியில் மேயர் லா கார்டியாவின் காலத்தில், 1940 ஜூனில், நகரம் இரு கம்பனிகளையும் சுமார் 32 கோடி 60 இலட்சம் டொலருக்கு வாங்கியது. மூன்று சேவைகளும் ஒன்றாகின.

கழித்துவிடலாம் என்று கருதப்பட்ட பழைய பாதைகளை மூடுவதும் இந்த இணைப்பின் ஓர் அங்கம். வீதிகளுக்கு மேலாக இரும்புத் தூண்களில் ஓடிய இரண்டாம் அவெனியூ ரயில் பாதையின் ஒரு பகுதி அதே ஜூனில் மூடப்பட்டது. எஞ்சியது 1942 இல் நின்றுபோனது. அதற்குப் பதிலாக மண்ணுக்குக் கீழே ரயில் வரும் என்று அந்த மக்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்தச் சுரங்கப் பாதையின் முதற்கட்டம் மூன்று புதிய நிலையங்களுடன் 2017 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்டது. பழைய ரயிலில் வேலைக்குப் போய்வந்தவர்களில் அதைக் காண எத்தனை பேர் உயிருடன் இருந்திருப்பார்கள்!

மூன்று நிறுவனங்கள் ஒன்றாகியபோதிலும் கட்டணம் ஐந்து சதமாகவே நீடித்தது. முன்பு கம்பனிகளின் ஏடுகளில் இருந்த நட்டம் நகரத்தின் ஏட்டுக்கு மாறியது. 1948 ஜூலையில்தான் கட்டணம் பத்து சதமாகியது. 1953 இல் மாநிலம் ஒரு தனியான அதிகார சபையை அமைத்து, நாளாந்தச் செலவைக் கட்டணத்திலிருந்தே ஈடுசெய்ய வேண்டும் என்று விதித்தது. உடனே கட்டணம் 15 சதமாகியது. நுழைவாயில் இயந்திரங்கள் இரு வகை நாணயங்களை ஏற்காதமையால் பிரபலமான அந்த வில்லை அப்போது அறிமுகமானது.

இரண்டாவது இணைப்பு வேறு வகையானது. நகரின் பாலங்களிலும் சுரங்க வீதிகளிலும் மோட்டார் வாகனங்களிடம் அறவிடப்படும் சுங்கம் றொபேர்ட் மோசஸ் என்ற பலம்மிக்க அதிகாரியின் சபையில் குவிந்துகொண்டிருந்தது. ஆளுநர் நெல்சன் ரொக்பெல்லர் 1968 மார்ச்சில் அந்தச் சபையையும் சுரங்க ரயிலையும் எம்.ரி.ஏ. என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தார். கடன்முறி வைத்திருந்தோரின் சார்பில் அதை எதிர்க்கக்கூடியதாக இருந்தது சேஸ் மன்ஹாட்டன் வங்கி. அதன் தலைவர் ஆளுநரின் சகோதரர் டேவிட். வழக்கு சமரசத்தில் முடிந்தது. மோசஸ் அதிகாரம் இழந்தார். கார் ஓட்டுபவரின் சுங்கம் ரயில் பயணியின் துணைக்கு வந்தது.

அதுவும் நீண்டகாலம் போதவில்லை. 1970 இல் கட்டணம் 30 சதமாகியது. 1975 நிதி நெருக்கடியுடன் 50 சதமாகியது; பராமரிப்பு கைவிடப்பட்டதால் பழுதடைந்த ரயில்கள் பயணிகளை நடுவழியில் இறக்கிவிட்டன. எம்.ரி.ஏ.யின் தலைவர் றிச்சர்ட் றவிச் 1981 இல் மாநில சட்டசபையை இணங்கவைத்து, பிராந்திய வரிகளையும் பெருந்தொகை மூலதனத் திட்டத்தையும் பெற்ற பின்னரே மீட்சி ஆரம்பித்தது. மன்ஹாட்டனின் மையப்பகுதிக்குள் நுழையும் கார்களிடம் 2025 ஜனவரி 5 முதல் அறவிடப்படும் கட்டணமும் அதே வழியில் வந்ததே.

1940 இணைப்பு கடனாளிகளை ஒன்றுசேர்த்தது. 1968 இணைப்பு பணம் இருந்த இடத்தைத் தேடிப்போனது. சிக்காகோவுக்கான சட்டம் புதிய சபையுடன் புதிய வருமானத்தையும் கொண்டுவந்திருப்பதால், அது இரண்டாவது உதாரணத்துக்கே நெருக்கமானது. ஆனால், அந்த வருமானமும் விலைவாசியுடன் சேர்ந்து வளராவிட்டால் பழைய கதை திரும்பும். ஏழைப் பயணியைக் காக்கவென்றே ஐந்து சதக் கட்டணம் பேணப்பட்டது. வித்தியாசத்தை வேறு எவரும் செலுத்த முன்வராதபோது, மூடப்பட்ட பாதையாகவும் பழுதடைந்த ரயிலாகவும் அதைச் செலுத்தியவர் அதே ஏழைப் பயணிதான்.