மணலைச் சுற்றி ஓர் இடம்



திருச்சிக் கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. அநாதையான பிள்ளைகளுக்கு ஸ்வார்ட்ஸ் பள்ளி வைத்தார். அநாதைகளுக்கான இன்னொரு பள்ளியை 1789 முதல் எழும்பூரில் நடத்தியவர் ஆண்ட்ரூ பெல். தமிழ்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, ஆங்கில எழுத்தையும் அப்படியே கற்பித்தார். ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவன் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாரானான். 1797இல் பெல் வெளியிட்ட நூலோடு ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்தில் பரவியது.

கடல் கடந்த மணல் சேரிக்கு வரவில்லை. திருவரங்கத்துத் திண்ணையில் நமக்கு இடமில்லை. 1894இல்தான் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் பள்ளி திறந்தார்.

அடிக்குப் பயந்து கற்ற ஆங்கிலம் நாவில் நிற்காது. பக்கத்துப் பிள்ளையிடம் சிரித்துக் கற்றது நிற்கும். அதற்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே மணலைச் சுற்றி உட்கார வேண்டும். புதிய முறைகளைப் பேசுவோர் முதலில் அந்த இடத்தைத் தரட்டும்.