பொறுமையும் போட்டி அட்டவணையும்: திருவண்ணாமலைப் பள்ளிக் கூடைப்பந்தை முன்வைத்து

இளம் கூடைப்பந்து ஆட்டக்காரர்களை வளர்த்தெடுக்கப் பொறுமை வேண்டும் என்போர் அதைப் பயிற்றுநரின் குணமாகவே கருதுகின்றனர். ஆனால் பொறுமைக்கு இடம் தருவதும் மறுப்பதும் போட்டியின் அமைப்பே என்பது இக்கட்டுரையின் வாதம்.

திருவண்ணாமலைப் பள்ளி அணி ஒன்றின் ஆண்டு, குறுவட்டப் போட்டியில் தொடங்குகிறது. அங்கே தோற்றால் மாவட்டப் போட்டி இல்லை. அந்த ஆண்டின் ஆட்டம் அத்துடன் முடிந்தது. முதலமைச்சர் கோப்பையின் பள்ளிப் பிரிவோ 12 முதல் 19 வயது வரையுள்ளோரை ஒரே வரிசையில் நிறுத்துகிறது. மேற்படிப்பில் விளையாட்டு ஒதுக்கீடு பெறச் சான்றிதழ் தேவை என்பதால், பிளஸ் டூ முடிவதற்குள் பதக்கம் வேண்டும் என்ற நெருக்கடி பெற்றோரிடமிருந்தும் வருகிறது. இந்நிலையில் உடற்கல்வி ஆசிரியர் உயரமான ஐவரையே களத்தில் வைத்திருப்பதை அவசரபுத்தி என்று சொல்ல முடியாது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் ஆட்டம் 40 நிமிடம். களத்தில் ஐவர் என்பதால் பகிர்ந்தளிக்க மொத்தம் 200 நிமிடங்கள் உள்ளன. முதல் ஐவர் தலா 32 நிமிடம் ஆடினால், பெஞ்சில் இருக்கும் எழுவருக்கும் சேர்த்து மிஞ்சுவது 40 நிமிடம். தலைக்கு ஆறு நிமிடம்கூடத் தேறாது.

பெஞ்சில் இருப்போர் திறன் குறைந்தவர்கள் என்று கொள்வதற்கில்லை. ஆண்பிள்ளைகளின் உயர வளர்ச்சி சராசரியாக 14 வயதையொட்டி உச்சம் பெறுகிறது. சிலருக்கு அது ஓரிரு ஆண்டு பிந்தும். 13 வயதில் நடக்கும் தேர்வு பெரும்பாலும் முந்தி வளர்ந்த உடலையே தேர்ந்தெடுக்கிறது. 3.05 மீட்டர் உயர வளையத்துக்கு முழு அளவுப் பந்தை எறியும் சிறுவன், வலு போதாமல் இடுப்பிலிருந்து இரு கைகளாலும் தூக்கி வீசுகிறான். அந்தப் பழக்கம் பிறகு எளிதில் மாறுவதில்லை. சிறுவர் கூடைப்பந்தில் வளையம் 2.60 மீட்டராகவும் பந்து 5ஆம் அளவாகவும் இருப்பது இதனால்தான்.

மைக்கேல் ஜோர்டான் பள்ளி அணியிலிருந்து நீக்கப்பட்டார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நடந்தது வேறு. 1978இல் வில்மிங்டன் லேனி பள்ளியில் முதன்மை அணி இடம் அவரைவிட உயரமான லெராய் ஸ்மித்துக்குச் சென்றது. ஜோர்டான் இரண்டாம் அணியில் அந்தப் பருவம் முழுக்க ஆடினார். அப்படியோர் இரண்டாம் அணி இருந்ததே இங்கே கவனிக்க வேண்டியது.

சென்னையில் வளர்ந்த அனிதா பால்துரை இளவயதிலேயே இந்திய அணிக்கு வந்தவர். பிந்தி மலர்ந்தவர் அல்லர். ஆயினும் 2017இல் பெங்களூருவில் மகளிர் ஆசியக் கோப்பை 'பி' பிரிவை இந்தியா வென்றபோது அணியில் ஆடிய அவருக்கு வயது 32. பத்மஸ்ரீ 2021இல் வந்தது. ஆட்டக்காரரின் முழு அளவு பள்ளிச் சான்றிதழ் வயதுக்குள் தெரிந்துவிடுவதில்லை.

வெற்றி இல்லையேல் ஊக்கம் குன்றும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. நாக்-அவுட் போட்டிகள் அதற்காக இருக்கட்டும். அவற்றோடு, 14 வயதுக்குட்பட்டோருக்கு லீக் முறை ஆட்டங்களும் வேண்டும். ஜவ்வாது மலை முதல் வந்தவாசி வரை பரந்த மாவட்டத்தில் பயணச் செலவு தடையாகும் என்பதால், திருவண்ணாமலை நகரப் பள்ளிகளுக்குள்ளேயே வார இறுதியில் அதைத் தொடங்கலாம். பன்னிருவரும் குறைந்தது ஒரு கால்பகுதி ஆடியாக வேண்டும் என்பதை அதன் விதியாக்க வேண்டும். விதி மாறாதவரை, பயிற்றுநரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது முறையாகாது.