மதிப்புறு முனைவர்: உ.வே.சா. முதல் கி.ரா. வரை

இந்திய அரசியலமைப்பின் 18ஆவது பிரிவு, அரசு எவருக்கும் பட்டம் வழங்கலாகாது என்கிறது. ராவ் பகதூர், திவான் பகதூர் வரிசையெல்லாம் அத்துடன் முடிந்தது. ஆயினும் அப்பிரிவே இரண்டு விலக்குகளை வைத்துள்ளது: படைத்துறைச் சிறப்பு, கல்விச் சிறப்பு. பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழியை நாடும் நம் சமூகத்தில், அந்த இரண்டாம் வாயிலில் கூட்டம் சேர்ந்ததில் வியப்பில்லை.

தேர்வும் ஆய்வேடும் இன்றி, மதிப்பின் பொருட்டு மட்டுமே வழங்கப்படும் பட்டத்திற்கு ஆக்ஸ்ஃபோர்டில் கிடைக்கும் முதற்சான்று 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. பெற்றவர் லயனல் வுட்வில். நான்காம் எட்வர்ட் மன்னரின் மைத்துனர். புலமைக்கும் அதிகாரத்திற்குமான இழுபறி இப்பட்டத்தின் தொட்டிலிலேயே இருந்திருக்கிறது.

தமிழுக்கு வருவோம். உ.வே.சாமிநாதையர் பல்கலைக்கழகம் எதிலும் பயின்றவரல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டதே அவருடைய தகுதி. அந்தத் தகுதியோடு 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்றார். அவர் பதிப்பித்த நூல்களைப் படித்துப் பட்டதாரிகளானோர் பலர். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு இலக்கிய முனைவர் பட்டம் அளித்தது 1932-இல். அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு! பட்டத்தால் அவர் உயரவில்லை. பட்டம்தான் பொருள் பெற்றது.

ஆனால் இதே பட்டம் வேறு வரலாற்றையும் கண்டது. 1971-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதிக்கு இதை வழங்கியபோது மாணவரில் ஒரு பகுதியினர் எதிர்த்தனர். காவல்துறை தடியடி நடத்தியது. மாணவர் ஒருவர் குளத்தில் பிணமாகக் கிடந்தார். பெறுபவரின் எழுத்துத் தகுதி குறித்து வாதிட இடமுண்டு. பதவியில் இருக்கும்போதே அளிக்கலாமா என்ற கேள்விதான் இன்றுவரை தீரவில்லை.

நம் புதுவையின் கதை சற்றே வேறுபட்டது. பிரெஞ்சு ஆட்சி இங்கே பல்கலைக்கழகம் எதையும் நிறுவவில்லை. பிரான்சில் 1918-இல் இப்பட்டம் சட்டப்படி ஏற்பட்டபோதும் அயல்நாட்டாருக்கென்றே ஏற்பட்டது. தம் குடிமக்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் ஆசையை அவர்கள் முன்கூட்டியே அடைத்துவிட்டார்கள் போலும். விடுதலைக்குப் பின் நம் கலைக்கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. நாடாளுமன்றச் சட்டத்தின் வழி புதுவைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1985-இல்.

நான்கே ஆண்டுகளில் அந்த இளம் பல்கலைக்கழகம் ஓர் அரிய செயலைச் செய்தது. பள்ளிப் படிப்பையே முடிக்காத கரிசல்காட்டு விவசாயி கி. ராஜநாராயணனை 1989-இல் நாட்டுப்புறவியல் துறைக்குச் சிறப்புப் பேராசிரியராக அழைத்தது. அப்போது துணைவேந்தர் கி. வேங்கடசுப்பிரமணியன். இது பட்டமன்று, பணி. மேலங்கியும் தங்கச் சரிகையும் ஒரு மாலைப்பொழுதோடு பெட்டிக்குள் போய்விடும். இங்கோ அறிவையே அன்றாடம் வகுப்பறைக்குள் அழைத்துக்கொண்டார்கள். துறைசார் அறிஞர் எவரையும் எதிர்பாராமல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்தவர் அவர். கதை சேகரிப்பது எப்படி என்று மாணவருக்குக் கற்பிக்க அவரினும் தக்கவர் யார்? சாகித்திய அகாதெமி விருது அவருக்குக் கிடைத்ததுகூட அதன் பின்னர், 1991-இல்தான். இவ்விடயத்தில் அகாதெமியைப் பல்கலைக்கழகம் முந்திக்கொண்டது நமக்குப் பெருமையே.

முதுகலையும் தகுதித் தேர்வும் முனைவர் பட்டமும் கடந்து பணிக்கு வந்த நம்மைப் போன்றோர்க்கு அந்நியமனம் இன்றும் சிறிது கூச்சத்தைத் தருவது. இன்றைய நேர்காணல் குழு ஒன்றின் முன் உ.வே.சா. அமர்ந்தால், விண்ணப்பமே முதற்கட்டத்தில் தள்ளப்பட்டிருக்கும்.

கி.ரா. புதுவையிலேயே தங்கிவிட்டார். இலாசுப்பேட்டை வீட்டில் 2021 மே 17 அன்று தமது தொண்ணூற்றேழாம் வயதில் மறைந்தார். அரசு மரியாதையோடு இடைசெவலில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு, முறையான கல்வித் தகுதி இல்லாத துறை வல்லுநர்களையும் பேராசிரியர்களாக அமர்த்தலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது, மொத்தப் பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மிகாமல்.