நளன் ஊரில் அடுப்படி

காரைக்கால் மிகச் சிறிய சீமை. சுற்றிலும் தஞ்சைத் தரணி; ஒரு பக்கம் கடல்; நடுவே அரசலாறு. இந்தச் சிறிய இடத்துக்குள் ருசியைப் பற்றிய இரண்டு பெரிய கதைகள் குடியிருக்கின்றன. ஒன்று புனிதவதியாரின் மாங்கனிக் கதை. மற்றொன்று நளன் கதை. இரண்டும் பக்திக்காகச் சொல்லப்படும் கதைகள் என்பது தெரிந்ததே. ஆனால் நான் இவற்றைச் சமையலறைக் கதைகளாகவே பல வருஷமாக நினைத்து வந்திருக்கிறேன்.

முதல் கதையைச் சேக்கிழார் சொல்கிறார். வணிகன் பரமதத்தனிடம் யாரோ இரண்டு மாம்பழங்களைக் கொடுக்கிறார்கள். அவற்றை வீட்டுக்கு அனுப்புகிறான். மனைவி புனிதவதி, பசியோடு வந்த சிவனடியாருக்குச் சோறிட்டு, ஒரு பழத்தையும் இலையில் வைக்கிறாள். பகலுணவுக்கு வந்த கணவன் மீதியிருந்த பழத்தைத் தின்றுவிட்டு இன்னொன்றையும் கேட்கிறான். அவள் உள்ளே போய் இறைவனை வேண்ட, கையில் ஒரு கனி வருகிறது. அதைத் தின்றதும் பரமதத்தன் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதுதான் விஷயம். முன் தின்ற பழத்தின் ருசி இல்லையே இது, எங்கிருந்து வந்தது என்கிறான். உண்மை தெரிந்ததும் பயந்து, கப்பலேறிப் போய்விடுகிறான். இன்றைக்கும் ஆனி மாதப் பௌர்ணமியில் காரைக்கால் வீதிகளில் சுவாமி புறப்படும்போது, மாடிகளிலிருந்து ஜனங்கள் மாம்பழங்களை இறைக்கிறார்கள்.

இரண்டாவது கதைக்குரிய ஊர், காரைக்காலுக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருநள்ளாறு. நளனைச் சனி விட்டு விலகிய தலம் என்று சொல்லி, சனிப்பெயர்ச்சிதோறும் லட்சக்கணக்கானவர்கள் நளதீர்த்தத்தில் முழுகுகிறார்கள். சனி பிடித்திருந்த காலத்தில் நளன் என்ன செய்தான்? உருவம் மாறி, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னனிடம் தேரோட்டியாகவும் சமையல்காரனாகவும் வேலை பார்த்தான். அவன்தான் தன் கணவனோ என்று சந்தேகம் கொண்ட தமயந்தி, தோழியை அனுப்பி அவன் அடுப்படியை வேவு பார்க்கச் சொல்கிறாள். அவன் பார்த்தால் வெறும் குடத்தில் நீர் நிறைகிறது. சூரியனை நோக்கிப் புல்லைப் பிடித்தால் தீப்பற்றிக் கொள்கிறது. மகாபாரதம் சொல்லும் இந்த வர்ணனையைவிட அதிசயமான சமையலறைச் சாதனத்தை எந்தக் கண்காட்சியிலும் காண முடியாது. ஆனால் அந்த அதிசயங்களால் மட்டும் தமயந்தி திருப்தியடையவில்லை. அவன் சமைத்ததில் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லி, வாயில் போட்டுப் பார்க்கிறாள். உடனே தெரிந்துவிடுகிறது, இது அவர் கை.

முதல் கதையில் கணவன் ருசி பார்த்தான், குடும்பம் பிரிந்தது. இரண்டாவதில் மனைவி ருசி பார்த்தாள். பிரிந்த குடும்பம் சேர்ந்தது. இரண்டிலும் சாதனம் முக்கியமல்ல, கைதான் முக்கியம். இதை நினைவில் வைத்துக்கொண்டு கொஞ்சம் சரித்திரத்துக்குள் போகலாம்.

தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜி காலத்தில், 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. இடையிடையே ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட காலங்களைத் தள்ளிவிட்டால், 1954ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி வரையில் அங்கே பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. சட்டப்படி ஒப்படைப்பு நிறைவேறியது 1962 ஆகஸ்ட் 16இல். அந்த இருநூறு சொச்சம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரர்கள் நம்முடைய சமையலறைக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால், ரொட்டியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள் பலர். உண்மையில் ஒரு பிரெஞ்சுக்காரர் நமக்குக் கொடுத்தது மிகப் பெரிது. அவர் காரைக்காலைக் கேள்விப்பட்டுக்கூட இருக்கமாட்டார்; பிரான்சிலும் அவருக்கு இருக்க இடமில்லை.

அவர் பெயர் தெனி பாப்பேன். 1647இல் புளுவா நகருக்கு அருகே பிறந்தார். வைத்தியம் படித்தவர், நீராவியின் மேல் பைத்தியம். லண்டனுக்குப் போய் 1679இல், மூடியை இறுக்கித் திருகிவிடும் ஒரு கனத்த பாத்திரத்தை அங்குள்ள விஞ்ஞானிகளுக்குக் காட்டினார். திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. எவ்வளவு விறகு போட்டாலும் ஆவியாகித்தான் போகும். ஆவியை வெளியே விடாமல் அடைத்தால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் 120 டிகிரி வரையிலும் கொதிநிலை உயரும். அவ்வளவுதான் ரகசியம். பாத்திரம் வெடித்துவிடக்கூடாதே என்று, எடை தொங்கும் ஒரு நெம்புகோலை அதன் மேல் வைத்தார். அழுத்தம் மிஞ்சினால் எடையைத் தூக்கிக்கொண்டு ஆவி வெளியேறும். நம் வீட்டுக் குக்கரின் தலையில் 'விசில்' அடிக்கும் குண்டு அந்த எடையின் பேத்திதான். 1682 ஏப்ரலில் அந்தப் பாத்திரத்தில் சமைத்த விருந்தைச் சாப்பிட்ட ஜான் ஈவ்லின் என்பவர், மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி போல மெத்தென்றாகிவிட்டன என்று தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

பாப்பேன் புராட்டஸ்டண்ட் மதத்தவர். 1685இல் பிரெஞ்சு மன்னர் அந்த மதத்தாரின் உரிமைகளை ரத்து செய்த பிறகு, அவர் தாய்நாட்டுக்குத் திரும்ப வழியில்லாமல் போயிற்று. கடைசிக் காலத்தில் லண்டனில் வறுமையில் ஒடுங்கி, எப்போது இறந்தார் என்பதும் நிச்சயமாகத் தெரியாமல் மறைந்தார். அவர் பாத்திரம் சாதாரண வீட்டு அடுப்புக்கு வந்து சேர இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பிரெஞ்சுக்காரர்கள் சமையலறைச் சாதனங்களுக்குத் திருவிழாவே எடுத்தவர்கள். முதல் உலக யுத்தத்தின்போது போர்க்கருவிக் கண்டுபிடிப்புகளைக் கவனித்து வந்த ழூல்-லூயி பிரெத்தோன், யுத்தம் முடிந்த பின் வீட்டுச் சாதனங்கள் பக்கம் திரும்பினார். 1923இல் பாரிஸில் அவற்றுக்கென்று ஒரு கண்காட்சி தொடங்கினார். பிற்பாடு அது பிரமாண்டமான கிரான் பலே மண்டபத்துக்குப் போயிற்று. ஐம்பதுகளில் ஒரே வருஷத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்து, உருளைக்கிழங்கு மசிக்கும் யந்திரத்தையும் துணி துவைக்கும் யந்திரத்தையும் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போனார்கள். 1932இல் ழான் மாந்த்லே என்பவர் கையால் சுற்றும் காய்கறி மசிப்பான் ஒன்றைச் செய்தார். அவர் ஆரம்பித்த கம்பெனிதான் பிற்காலத்து மூலினெக்ஸ். பெண்ணை விடுதலை செய்வதே தங்கள் சாதனம் என்று அது விளம்பரம் செய்தது.

போட்டிகளும் கூடவே வளர்ந்தன. 1949இல் அமெரிக்காவில் பில்ஸ்பரி என்ற மாவுக் கம்பெனி, நியூயார்க்கின் பெரிய ஹோட்டல் ஒன்றில் 100 வீட்டுச் சமையல்காரர்களை உட்கார வைத்துப் போட்டி நடத்திற்று. முதல் பரிசு 50,000 டாலர். பிசைந்து பாடுபடாமல், மாவைத் துணியில் முடிந்து வெந்நீரில் போட்டுப் பொங்க வைத்த தியோடோரா ஸ்மாஃபீல்ட் என்ற பெண்மணிக்கு அது கிடைத்தது. மாவு விற்பவர் போட்டி வைத்தால் மாவுப் பண்டம்தானே ஜயிக்கும்! சமையல் போட்டியின் பிறவிக் குணம் இது, இன்றுவரை மாறவில்லை.

நம் பக்கத்தில் என்ன நடந்தது? வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வியப்பாயிருக்கிறது. 1951இல் மீனாக்ஷி அம்மாளின் 'சமைத்துப் பார்' வெளிவந்தது. இளம் வயதில் கணவரை இழந்த ஒரு பெண்மணி, தம் கைமணத்தைக் காகிதத்தில் ஏற்றிவைத்தார். 1954இல் காரைக்கால் நம்மோடு சேர்ந்தது. 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் மின்சாரத்தால் சுழலும் மாவாட்டும் யந்திரத்தைச் செய்தார். 1959இல் ஹாக்கின்ஸும் பிரஸ்டீஜும் பிரஷர் குக்கரை இந்திய வீடுகளுக்குக் கொண்டுவந்தன. 1963இல் சத்யபிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர், அயல்நாட்டு மிக்ஸி நம்மூர் அரைப்பைத் தாங்காமல் புகைந்து போனதைக் கண்டு, 'சுமீத்' மிக்ஸியை உண்டாக்கினார். பன்னிரண்டு வருஷத்துக்குள், அதுவரை பல நூறு வருஷம் அசையாமல் இருந்த அடுப்படி புரண்டுவிட்டது. 2011இல் தமிழக அரசு மிக்ஸியையும் கிரைண்டரையும் இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியபோது அந்தப் புரட்சி பூர்த்தியாயிற்று எனலாம்.

பிரான்சிலிருந்து நமக்குக் குக்கர் வந்த கதை இப்படி. நம்மிடமிருந்து அங்கே போனது என்ன? வடகம்! சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, சீரகம், வெந்தயம், உளுந்து, கறிவேப்பிலை, மஞ்சள் எல்லாவற்றையும் இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, மாலையில் பிரித்து மறுபடி உருட்டி, பல நாள் இப்படியே செய்து பானையில் கட்டி வைப்பார்களே, அந்தத் தாளிப்பு வடகம்தான். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கடல் கடந்து, 'வதுவான்' என்று பெயர் திரிந்து, இன்று பிரெஞ்சுச் சமையல் வல்லுநர்களின் அலமாரியில் இருக்கிறது. பாப்பேனின் பெயரைச் சரித்திரம் காப்பாற்றி வைத்திருக்கிறது. வடகத்தை முதலில் உருட்டிய பாட்டியின் பெயர் என்ன? சேவை நாழியை, குழாய்ப்புட்டுக் குழலை, பணியாரக் குழிக்கல்லை, தேங்காய்த் துருவலை முதலில் நினைத்தவர் யார்? எந்தக் கண்காட்சியும் அவர்களுக்குச் சீட்டு எழுதவில்லை.

சில வருஷங்களுக்கு முன் காரைக்காலில் மாதர் குழு ஒன்று நடத்திய சமையல் போட்டியில் மூன்று நடுவர்களில் ஒருவனாக என்னையும் உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரம், ஒரு மேஜைக்கு ஒருவர், காஸ் அடுப்பு. விதிகள் அவ்வளவே. இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். இறால் வைத்த வாடா சுட்ட ஒரு முஸ்லிம் பெண்ணின் மேஜையிலிருந்து வந்த வாசனை, மற்ற இருவர் பேனாவையும் ஆட வைத்துவிட்டது. கோடியில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், மூன்று கால் சேவை நாழி ஒன்றைக் கோணிப்பையிலிருந்து எடுத்து வைத்தார். முதல் நாள் ஊறிய அரிசியை விடியலில் அரைத்துக் கொண்டுவந்திருந்தார். அதை அவித்து, சூடு ஆறுமுன் நாழியில் போட்டுத் திருகவேண்டும். திருகினால் நாழி நகர்கிறது. நாழியைப் பிடித்தால் திருக முடியவில்லை. பக்கத்து மேஜைப் பெண் ஓடிவந்து காலைப் பிடித்துக்கொள்ளப் போனாள். ஒருவர்தான் செய்யவேண்டும் என்று விதியை நினைவூட்டி, அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அம்மாள் முடிப்பதற்குள் மணி அடித்து இருபது நிமிஷம் ஆகிவிட்டது. மதிப்பெண்ணில் பாதி போயிற்று. எலுமிச்சைச் சேவையும் தேங்காய்ச் சேவையும் பஞ்சாயிருந்தன.

"ஒரு மணி நேரம்னு சொல்றீங்களே தம்பி, நேத்து ராத்திரி அரிசி ஊறுனதை எந்தக் கணக்குல எழுதுவீங்க?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, நாழியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இது ரெண்டு பேரு சாமான். எங்க மாமியாரு காலைப் புடிச்சுக்குவாங்க, நான் சுத்துவேன். அதான் அதுக்கு வழக்கம்" என்றார்.

அந்த அம்மாள் சொன்னது என் மனத்தை விட்டுப் போகவில்லை. யோசித்துப் பாருங்கள். உரலுக்கு மாற்றுலக்கை போட இரண்டு பேர். திரிகைக்கு எதிரும் புதிருமாக இரண்டு பேர். ஆட்டுக்கல்லில் ஒருத்தி சுற்ற, ஒருத்தி தள்ளிவிட. வடகத்துக்கு ஒரு தெருவே கூடும். பழைய சாதனங்கள் முதுகை ஒடித்தன; சந்தேகமே இல்லை. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் திரும்பிப் போங்கள் என்று சொல்கிற ஆண்பிள்ளை, முதலில் ஒரு படி உளுந்தை அரைத்துக் காட்டட்டும். ஆனால் அந்தப் பாடு பலர் பங்கிட்டுக்கொண்ட பாடு. மிக்ஸி வந்தது, பாடு குறைந்தது, பங்காளிகள் போய்விட்டார்கள். முன்பு நாலு பேர் வேலையாக இருந்தது, இப்போது பொத்தானைத் தட்டும் ஒருத்தியின் வேலையாயிற்று.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்கச் சரித்திர ஆசிரியை 1983இல் எழுதிய நூல் ஒன்றில் இதையே வேறு விதமாக நிரூபித்தார். வீட்டு யந்திரங்கள் பெருகப் பெருக, ஆண்களும் குழந்தைகளும் செய்துவந்த வேலைகள்தான் முதலில் மறைந்தன. அம்மாவின் வேலை அப்படியே நின்றது என்றார். விறகு பிளந்த அப்பாவுக்கு ஓய்வு கிடைத்தது. அடுப்பின் முன் நின்றவளுக்கு இல்லை. நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது சராசரி 299 நிமிஷம். வீட்டு வேலையில் கைவைக்கும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிஷம். அதிலும் கைவைத்த ஆண்கள் நூற்றுக்கு இருபத்தாறு பேர்தான். குக்கர் வந்து அறுபது வருஷம் கழித்து எடுத்த கணக்கு இது.

இங்கேதான் நளனை மறுபடி கூப்பிட வேண்டியிருக்கிறது. நல்ல சமையலுக்கு நாம் வைத்திருக்கும் இரண்டு பெயர்களும், நளபாகம், பீமபாகம் இரண்டுமே, ஆண்பிள்ளைகளுடையவை. சமஸ்கிருதத்தில் 'பாகதர்ப்பணம்' என்ற பாக சாஸ்திர நூலையே நளன் பெயரில் வழங்குகிறார்கள். நிடத நாட்டு ராஜா ஒருவன் கரண்டி பிடித்ததை நம் முன்னோர் கேலி செய்யவில்லை. ஒரு சாஸ்திரத்தையே அவன் பெயரில் ஏற்றினார்கள். புகழெல்லாம் அவனுக்குக் கொடுத்துவிட்டு, வேலையை மட்டும் தமயந்திகளிடம் விட்டுவிட்டோம்.

காரைக்காலில் வீட்டுக்கு வீடு இன்று குக்கர் கூவுகிறது. சேவை நாழி பரணில் இருக்கிறது. அந்த அம்மாளுக்கு அன்று தேவைப்பட்டது புதிய யந்திரமல்ல; நாழியின் காலைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஜோடிக் கை. நளதீர்த்தத்தில் முழுகி எழுந்து, சனி தொலைந்தது என்று நிம்மதியாக பஸ் ஏறுகிற கணவன்மார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றுவதுண்டு. நளனுக்குச் சனி விட்டது இவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அவனுக்குச் சமைக்கத் தெரியும் என்பதையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடாதா?