பாங்க் ஹவுஸ் விடுதியில் ஒன்பது பேர்

ட்வீட் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது பெரிக் என்ற ஊர். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே பல முறை கைமாறிய எல்லை ஊர். அங்கே டாக்டராக இருந்தார் ஜார்ஜ் ஜான்ஸ்டன். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் செடி, கொடி, சிப்பி, கடற்பாசி என்று அலைந்தவர். பெரிக் வட்டாரத்துத் தாவரங்களைப் பற்றி இரண்டு பாகமாகப் புத்தகமும் எழுதினார். அவருடைய ஆராய்ச்சிகளுக்குப் படம் வரைந்து தந்தவர் மனைவி கேத்தரின்.

வீட்டில் துணை இருந்தது. வெளியே நடக்கத்தான் துணை வேண்டியிருந்தது.

1831 செப்டம்பர் 22 அன்று பாங்க் ஹவுஸ் என்ற வழிப்போக்கர் விடுதியில் ஒன்பது பேர் கூடினார்கள். அன்று உருவானதுதான் பெரிக்‌ஷயர் இயற்கையாளர் கழகம். தங்கள் வட்டாரத்தின் இயற்கையையும் பழமையையும் ஆராய்வது நோக்கம். ஜான்ஸ்டன்தான் முதல் தலைவர்.

கழகம் என்றதும் நமக்குப் பெயர்ப் பலகை, ரப்பர் ஸ்டாம்ப், வாடகைக்கு ஓர் அறை என்றெல்லாம் மனசில் ஓடும். இவர்கள் கட்டடத்தை நம்பித் தொடங்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஊரில் கூடுவார்கள். காலையில் விடுதியில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். பிறகு மலையோரம், ஆற்றங்கரை, இடிந்த கோபுரம் என்று நடை. அந்தப் பக்கம் அப்போது ரயில் கிடையாது. பெரிக்குக்கு ரயில் வந்ததே 1846ல்தான். அதனால் கூட்டத்துக்கு வந்து சேருவதே ஒரு பயணம். நடந்து களைத்துத் திரும்பியதும் சாப்பாடு. அதன் பிறகு, கண்டதைப் பற்றி யாராவது ஒருவர் எழுதி வந்து படிப்பார்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வேறு ஒன்று. தலைவர் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார். பதவி முடியும்போது அவர் உரை நிகழ்த்த வேண்டும். அந்த வருடம் எங்கெங்கே போனோம், யார் யார் வந்தார்கள், எந்தப் பாறையில் எந்தச் செடியைப் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். அது அச்சாகும். கழகத்தின் வரலாறு என்ற பெயரிலேயே தொகுதி தொகுதியாக வந்தது. இந்தக் காலத்திலும் வந்துகொண்டிருக்கிறது. ஒரு வட்டாரக் குழுவின் உயிர் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், அந்த அச்சுத் தாளைத்தான் காட்டுவேன். ஆர்வம் உள்ளவர் இறந்துபோவார், மகன் வீட்டைக் காலி செய்வார், பெட்டியில் இருந்த குறிப்பு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். அச்சானது மட்டும் எங்கேயாவது ஒரு பிரதியாகவாவது மிஞ்சும்.

இப்படி நடந்து நடந்து உண்டான குழு ஒரு வகை. மண்வெட்டிச் சத்தம் கேட்டு விழித்துக்கொண்டதும் உண்டு.

இங்கிலாந்தின் தெற்கே லூயிஸ் என்ற ஊர். அங்கிருந்த பெரிய மடாலயத்தை எட்டாம் ஹென்றி காலத்தில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். 1845 அக்டோபரில், அந்த இடத்தின் ஊடாகவே ரயில் பாதைக்குப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள் கூலியாட்கள். ஒருநாள் மண்வெட்டியில் ஈயம் தட்டுப்பட்டது. இரண்டு ஈயப் பெட்டிகள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கும் குறைவான நீளம். உள்ளே எலும்புகள். மூடியில் பெயர் வெட்டியிருந்தது: ஒன்றில் குண்ட்ராடா, மற்றதில் வில்லியம். அந்த மடாலயத்தைக் கட்டுவித்த கணவனும் மனைவியும்தான் அவர்கள். இருவரும் 1080களில் இறந்தவர்கள். எழுநூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு பெயரோடு வெளியே வந்தார்கள்.

பெட்டிகள் தப்பின. பக்கத்து மாதா கோயிலில் அவற்றுக்காகவே சிறு மண்டபம் எழுந்தது. மடாலயத்தின் அடித்தளத்தில் ஒரு பெரும் பகுதி மட்டும் போனது போனதுதான். இப்போதும் ரயில் அந்த வழியாகத்தான் ஓடுகிறது. இனி அடுத்த பள்ளம் வெட்டும்போது கேட்பதற்கு ஆள் வேண்டும் என்ற தவிப்பில், மறு ஆண்டே அங்கே சசெக்ஸ் தொல்லியல் கழகம் பிறந்தது. முன்னின்றவர்களில் ஒருவர் அந்த ஊரில் பள்ளிக்கூடம் நடத்திய மார்க் ஆன்டனி லோவர். 1848ல் முதல் ஆய்வுத் தொகுதி. இன்று தொகுதி எண் நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. 1960ல் சசெக்ஸின் ஃபிஷ்போர்னில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது ரோமானிய மாளிகை ஒன்று தட்டுப்பட்டதே, அந்த இடத்தை ஏற்றுக் காப்பாற்ற அப்போது இந்தக் கழகம் தயாராக இருந்தது. ரோமானியச் சாலைகளை ஆராய்ந்த ஐவன் மார்கரி நிலம் வாங்கப் பணம் தந்தார். இன்றும் அந்த மாளிகை அந்தக் கழகத்தின் பொறுப்பில்தான்.

கேட்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நாம் லூயிஸ் வரை போக வேண்டாம். ஆந்திரத்து அமராவதி போதும். 1798ல் நில அளவையாளர் காலின் மெக்கன்சி அங்கே போனபோதே, பௌத்தத் தூபி புதைந்திருந்த மேட்டை வெட்டிக் கல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல் புதுக் கட்டடங்களுக்குப் போனது. பளிங்கு போன்ற அந்தச் சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாகவும் ஆக்கினார்கள். இருபது வருடம் கழித்து மெக்கன்சி திரும்பி வந்து பார்த்தால், தூபியின் நடுவே குளம் வெட்டியிருந்தார்கள்.

1845ல், லூயிஸில் ஈயப் பெட்டிகள் கிடைத்த அதே வருடம், அமராவதியைத் தோண்டியவர் வால்டர் எலியட். கம்பெனி அதிகாரியாக 1821ல் சென்னைக்கு வந்தவர். தமிழிலும் இந்துஸ்தானியிலும் தேர்ச்சி காட்டியதற்காக ஆயிரம் வராகன் பரிசு வாங்கியவர். 1824 கித்தூர் எழுச்சியில் ராணி சென்னம்மாவின் ஆட்களிடம் கைதியாக இருந்தவர். கன்னட நாட்டில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளைப் படியெடுத்தார். சென்னை இலக்கியச் சங்கத்தின் இதழையும் கவனித்துக்கொண்டார். இவ்வளவு ஈடுபாடு இருந்தும் அமராவதிக் கற்களுக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. சென்னைக்கு வந்த கற்கள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859ல் லண்டனுக்குக் கப்பலேறின. எலியட் மார்பிள்ஸ் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. எந்தக் கல் மேட்டில் எங்கே, எப்படிக் கிடந்தது என்ற விவரம் போதிய அளவு பதிவாகவில்லை. மேட்டைத் தினமும் பார்க்கிற உள்ளூர்க்காரர் நான்கு பேர் குறித்து வைத்திருந்தால் இந்தக் குறை வந்திருக்காது.

எலியட் 1860ல் ஓய்வு பெற்று ஸ்காட்லாந்து எல்லையில் வுல்ஃப்லீ என்ற தன் குடும்பத்துப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தார். சென்னையில் கவர்னர் சபையில் உட்கார்ந்தவர், 1858ல் விக்டோரியா மகாராணியின் பிரகடனம் அந்த நகரில் வெளியானபோது அதை அறிவிக்கும் பொறுப்பை ஏற்றவர். அவர் போய்ச் சேர்ந்த இடம், பெரிக்‌ஷயர் இயற்கையாளர் கழகம்! டாக்டர் ஜான்ஸ்டன் அதற்குள் இறந்துவிட்டார். நடையும் சாப்பாடும் கட்டுரையும் நிற்கவில்லை. எலியட் அவர்களோடு நடந்தார், தன் வட்டாரத்துப் பழமைகளைப் பற்றி எழுதினார், முறை வந்தபோது தலைவராகவும் இருந்தார். புதிதாகச் சேருகிறவருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஊருக்குப் புதியவர் மாதிரி வந்து, முதலில் கூட நடக்க வேண்டும்.

தென்னிந்தியாவையும் அவர் விடவில்லை. கண்பார்வை மங்கிப்போன கடைசிக் காலத்தில் தென்னிந்திய நாணயங்களைப் பற்றிய நூலை முடித்தார். 1887 மார்ச் முதல் தேதி காலையில், ஜி. யு. போப்புக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். போப்பின் திருக்குறள் பதிப்பு பற்றிய அறிவிப்பை முந்தின நாள் அறிந்து மகிழ்ந்ததாகச் சொல்லியிருந்தார். தன்னிடம் இருந்த சில குறிப்புகளை எப்படிப் பயன்படுத்தலாம் என்றும் கேட்டிருந்தார். கையெழுத்தை மட்டும் தானே போட்டார். அன்று மாலை அவர் உயிர் பிரிந்தது. வயது 84.