கார்த்தூசியர் மடங்கள்: மாறாமைக்காக மாறிய வரலாறு

கார்த்தூசியன் துறவுச் சபையைப் பற்றிப் பேசுவோர், அது ஒருபோதும் சீர்கெடவில்லை, அதனால் சீர்திருத்தமும் தேவைப்படவில்லை என்ற பழைய புகழுரையைத் தவறாமல் சொல்வார்கள். வரலாற்றைப் பார்த்தால் இதில் பாதிதான் உண்மை. மடம் நின்ற இடம், நிலத்தின் அளவு, வருமானம், புரவலர் எல்லாம் மாறின. மாறாமல் நின்றது துறவியின் தனியறை. அதைக் காக்கத்தான் மற்றவை மாற வேண்டியிருந்தது.

கொலோனில் பிறந்து ரீம்ஸ் பேராலயப் பள்ளியை நடத்திய புரூனோ, 1084இல் ஆறு தோழர்களோடு கிரெனோபிள் ஆயர் ஹ்யூகோவை அணுகினார். ஆயர் அவர்களுக்குக் காட்டியது ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் பனி மூடிக் கிடந்த சார்த்ரூஸ் பள்ளத்தாக்கு. ஆனால் 1090இல், முன்னாள் மாணவரான திருத்தந்தை இரண்டாம் உர்பன் அழைக்க, புரூனோ உரோமைக்குப் போனார், திரும்பி வரவேயில்லை. 1101இல் கலாப்ரியாவில் இறந்தார். விதிநூல் எதையும் அவர் எழுதி வைக்கவில்லை.

சபைக்கு உருவம் கொடுத்தவர் ஐந்தாம் தலைவர் கீகோ என்றே கொள்ள வேண்டும். 1120களில் அவர் தொகுத்த ஒழுக்கநூல், ஒரு மடத்தில் தலைவர் தவிர 12 துறவிகள், 16 பொதுநிலைச் சகோதரர்கள் போதும் என்று வரம்பு கட்டியது. காரணம் மறைபொருள் ஒன்றுமில்லை. மலைநிலம் அவ்வளவு பேருக்குத்தான் சோறு போடும். ஆள் பெருகினால் துறவிகள் ஊரூராகக் கையேந்த நேரும், தனிமை குலையும். 1132இல் பனிச்சரிவு மடத்தை அழித்துத் துறவிகள் பலரைப் பலிகொண்டபோது, கீகோ தயங்காமல் மடத்தைப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதிக்கு மாற்றினார்.

அந்தத் தொடக்க காலத்தைப் பதிவு செய்தவர் நோஜான் மடத்தலைவர் கிபெர். வாய்க்கால் நீர் சுவரின் துளை வழியே ஒவ்வோர் அறைக்குள்ளும் வந்ததாக அவர் எழுதுகிறார். நெவேர் பிரபு அனுப்பிய வெள்ளிப் பாத்திரங்களைத் துறவிகள் ஏற்கவில்லை. பிறகு அவர் தோல்களை அனுப்பினார். அவை நூல் எழுதப் பயன்படும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஏழ்மையான மடம், நிறைந்த நூலகம்!

அறை என்று சொன்னாலும் அது ஒரு சிறு வீடு. கீழே விறகும் பட்டறையும். மேலே கட்டில், செபமேடை, படிக்கும் மேசை. பக்கத்தில் மதில் சூழ்ந்த தோட்டம். கதவருகே சுவரில் ஒரு சிறு திறப்பு; உணவு அதன் வழியே வரும். புலால் கிடையாது. செப்டம்பர் 14 முதல் உயிர்ப்புப் பெருவிழா வரை பெரும்பாலும் ஒரே வேளை உணவுதான். நள்ளிரவுச் செபத்துக்கும், திருப்பலிக்கும், மாலைச் செபத்துக்கும் ஆலயத்தில் கூடுவார்கள். வாரம் ஒருமுறை நீண்ட நடை, அப்போது பேசலாம்.

அந்தத் திறப்பில் உணவை வைத்தது யார்? சமைத்து, உழுது, ஆடு மேய்த்த பொதுநிலைச் சகோதரர்கள். அவர்களுக்கு மலைக்குக் கீழே தனி இல்லமே இருந்தது. ஒருவரின் தனிமையை இன்னொருவரின் உழைப்பு தாங்கியது என்பதைச் சபை வரலாறுகள் போதுமான அளவு பேசுவதில்லை.

மடங்கள் நகரத்தை அடைந்தபோது தனிமையைக் காக்கும் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. 1257இல் பாரிஸ் அருகே, 1334இல் கொலோனில், 1371இல் இலண்டனில் கொள்ளைநோயில் இறந்தோரைப் புதைத்த நிலத்தில் என்று மடங்கள் எழுந்தன. மலை செய்த வேலையை மதில் செய்தது. இறந்தோருக்காக இடையறாது செபிக்க ஆள் வேண்டும் என்பதே புரவலர்களின் கணக்கு. பர்கண்டி கோமகன் பிலிப் 1383இல் திஜோன் அருகே மடம் தொடங்கியது தன் குலத்துக்குக் கல்லறை அமைக்கத்தான். 1396இல் மிலான் கோமகன் ஜான் கலேயாட்சோ விஸ்கொந்தி பாவியாவில் தொடங்கிய மடம் காலப்போக்கில் பளிங்கு மாளிகையானது. வெள்ளிப் பாத்திரத்தை மறுத்தவர்களின் வழிவந்தோர் இதற்கு உடன்பட்டதை எளிதில் நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் அந்தப் பளிங்கு முகப்புக்குப் பின்னால் தோட்டத்தோடு கூடிய அதே தனி வீடுகள்தான் வரிசையாக நின்றன.

அடுத்து வந்தவை பறிப்பின் நூற்றாண்டுகள். மன்னர் எட்டாம் ஹென்றியை இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்த இலண்டன் மடத்தலைவர் ஜான் ஹௌட்டன் 1535 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். பிரெஞ்சுப் புரட்சி சார்த்ரூஸ் தாய்மடத்தைக் காலி செய்தது. 1816இல் துறவிகள் திரும்பினர். 1903இல் மீண்டும் வெளியேற்றம், 1940இல் மீண்டும் வருகை.

இதற்கிடையே நிலவருமானத்தின் இடத்தை மது பிடித்தது. 1605இல் கிடைத்த சுவடியை அடியொற்றி, 130 தாவரங்களிலிருந்து வடிக்கப்படும் சார்த்ரூஸ் மது, 19ஆம் நூற்றாண்டு முதல் சபையின் முதன்மை வருவாய். உலகெங்கும் கிராக்கி ஏறிக்கொண்டிருந்த 2019இல், உற்பத்தியை இனிக் கூட்டுவதில்லை என்று துறவிகள் முடிவெடுத்தார்கள். மது கிடைக்காமல் வாங்குவோர் முணுமுணுத்தபோதும் முடிவு மாறவில்லை.